நீச்சல் தெரியாத பிள்ளைகளோடு கோடை விடுமுறை: வாட்டர் பார்க்கா, ஆற்றங்கரையா, படகா?

குன்னூரில் முழுப்பரீட்சை முடியும் வாரம் வந்தாலே எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். மகளுக்கு 7 வயது, மகனுக்கு 4. "அம்மா, எப்போ கீழே போறோம்?" என்று கேட்டால் வாட்டர் பார்க்குக்கு எப்போது என்று அர்த்தம். மலையில் வளரும் பிள்ளைகளுக்குக் 'கீழே' என்றால் வெயில், பாட்டி வீடு, அப்புறம் உடம்பு விறைக்காத தண்ணீர்.

இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. மகளின் தோழிகளிலும் நீச்சல் தெரிந்தவள் ஒருத்திகூட இல்லை. நான் கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் வாய்க்கால் கரையில் பிறந்தவள். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி எங்கள் தாத்தா என்னைத் தண்ணீரில் இறக்கிவிட்டபோது எனக்கு 6 வயது. அடுத்த கோடையில் குடுக்கை இல்லாமலே அக்கரைக்குப் போய் வந்தேன். இங்கே அதற்கு வழி ஏது? மார்கழியில் குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகிற ஊரில் எந்தப் பிள்ளை குளத்தில் இறங்கும்? அதனால் மலைப் பிள்ளைகளுக்குத் தண்ணீரில் பழக்கமும் கிடையாது, பயமும் கிடையாது. கீழே போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடுவார்கள்.

எங்களுக்கு இருக்கும் வழிகள் இவை. மலையடிவாரத்தில் மேட்டுப்பாளையம் பக்கம் இருக்கும் வாட்டர் பார்க். இன்னும் தள்ளிக் கோவையில் இருப்பவை. மேட்டுப்பாளையத்தில் ஓடும் பவானி ஆறு. கீழேயே இறங்காமல் ஊட்டி ஏரியிலோ பைக்காராவிலோ படகு. இவை எதுவும் வேண்டாம் என்றால் வீட்டு வாசலில் ஒரு பெரிய டப். எதில் செலவு குறைவு, எதில் சறுக்கு அதிகம் என்று முன்பு கணக்குப் போடுவேன். போன வருடத்திலிருந்து நான் முதலில் கேட்பது வேறு கேள்வி: எத்தனை பெரியவர்கள் கூட வருகிறார்கள்?

அதற்குக் காரணம் இருக்கிறது. போன வருடம் கோவைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய் விடுதியில் தங்கியிருந்தோம். அங்கே குழந்தைகளுக்கென்று ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு குளம். நானும் நாத்தனாரும் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தோம். பையனுக்கு அப்போது 3 வயது. "அம்மா, தம்பி படுத்திருக்கான்" என்றாள் மகள். திரும்பினேன். தண்ணீருக்குள் மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருந்தது. இரண்டு கைகளும் பக்கவாட்டில் மெதுவாக அசைந்தன. சத்தமே இல்லை. நீல டைல்ஸ் தரையில் நீல பனியன் போட்ட பிள்ளை. மகள் சொல்லியிருக்காவிட்டால் என் கண்ணில் பட்டிருப்பானா என்று தெரியாது. வாரித் தூக்கியதும் இருமி, கக்கி, அழுதான். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. குளத்தின் மேல் குறை இல்லை, விடுதியின் மேலும் இல்லை. நாத்தனார் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நான் நினைத்தேன், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவர் நினைத்திருந்தார்.

மூழ்கும் பிள்ளை கத்தும், கையைக் காலை உதறும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி நடப்பதில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டும். வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்த நொடியில் உடம்பு மூச்சைத்தான் இழுக்கும், குரல் எழுப்பாது. உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள் என்றும், அதில் கிட்டத்தட்டக் கால்வாசி 5 வயது நிரம்பாத பிள்ளைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே ஆழம் குறைவு என்பதை மட்டும் பார்த்து நிம்மதியாக இருந்துவிட முடியாது.

முதலில் ஆற்றைப் பேசி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இதில் எனக்குத் தயக்கமே கிடையாது. தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் கோயிலுக்குக் கிடா வெட்டப் போகாத குடும்பம் எங்கள் பக்கம் குறைவு. கோயிலை ஒட்டியே பவானி. கறி வேகும் நேரத்தில் பெரியவர்கள் மரத்தடியில் சாய்வார்கள், பிள்ளைகள் ஆற்றுக்கு ஓடும். பார்த்தால் முழங்கால் அளவு தண்ணீர்தான், நடுவில் பாறைகள், தெளிவாக ஓடும். அந்தத் தெளிவை நம்பக்கூடாது. மேலே பில்லூர் அணை இருக்கிறது. மின் உற்பத்திக்காகத் தண்ணீர் திறந்தால் கீழே ஆறு திடீரென்று ஏறும். மழைக்காலத்தில் 100 அடி அணையில் நீர்மட்டம் 97 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விட்டுவிட்டு உபரி நீரைத் திறப்பார்கள். இதில் மோசமானது என்னவென்றால், மேட்டுப்பாளையத்தில் வானம் வெளுத்து வெயில் அடித்துக்கொண்டிருக்கும். குந்தா பக்கம் நம் மலையில் பெய்த மழை அணைக்குப் போய், அங்கிருந்து ஆற்றில் வந்துகொண்டிருக்கும். இறங்கியபோது முழங்காலில் இருந்தது, குளித்துக்கொண்டிருக்கும்போதே இடுப்புக்கு வந்துவிடும். பாறையில் பாசி, அடியில் மணல் அள்ளிய குழி.

எனக்கு நீச்சல் தெரியுமே என்று கேட்கலாம். தெரியும். இதே பவானியிலிருந்து கொடிவேரியில் பிரிகிற வாய்க்காலில்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் கரை கட்டிய வாய்க்காலில் தனியாக நீந்துவது வேறு, இழுக்கும் ஆற்றில் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகளோடு நிற்பது வேறு. கோயிலுக்குப் போனால் சாமி கும்பிட்டு, சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். கால் நனைக்க ஆசைப்பட்டால் சொம்பில் மொண்டு ஊற்றுங்கள். கல்லார், காட்டேரி, கேத்தரின், பைக்காரா என்று எந்த அருவிக்கும் ஓடைக்கும் இதையேதான் சொல்வேன். நின்று பார்க்கலாம், இறங்கக்கூடாது. ஆற்றங்கரையில் காசு செலவில்லை என்பது உண்மைதான். வாட்டர் பார்க்கோடு ஒப்பிட்டால் அதற்கு இருக்கும் ஒரே சாதகம் அதுதான்.

அடுத்து வாட்டர் பார்க். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் 34 கிலோமீட்டர். 14 கொண்டை ஊசி வளைவு. ஊட்டிச் சாலையில் அடிவாரத்திலேயே பிளாக் தண்டர் என்ற வாட்டர் பார்க் இருக்கிறது. கோவைப் பக்கத்து வாட்டர் பார்க்குகளான கோவைக் கொண்டாட்டமோ நீலாம்பூரில் இருக்கும் மகாராஜாவோ என்றால் மேட்டுப்பாளையத்தைத் தாண்டி இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல். பெரிய பிள்ளைகள் இருந்தால் அதையும் யோசிக்கலாம். 4 வயதுப் பையன் தண்ணீரில் மூன்று மணி நேரம் ஆடிவிட்டு அவ்வளவு தூரம் திரும்பி, அப்புறம் மலையும் ஏற வேண்டும். கோவையில் தங்க உறவினர் வீடு இருந்தால் போங்கள், ஒரே நாளில் போய் வருவதற்கு வேண்டாம்.

ஆற்றைவிட வாட்டர் பார்க் எதில் மேல்? தண்ணீர் தெளிவாக இருக்கும், தரை தெரியும், ஆழம் எழுதிப் போட்டிருப்பார்கள், திடீரென்று ஏறாது, விசில் வைத்த லைஃப் கார்ட் நிற்பார். நீச்சல் தெரியாத பிள்ளைக்கு இவ்வளவும் பெரிய விஷயம். ஆனால் அந்த லைஃப் கார்ட் நூறு தலைகளைப் பார்க்கிறார். நம் பிள்ளையை நாம்தான் பார்க்க வேண்டும். பார்ப்பது என்றால் கைக்கெட்டும் தூரத்தில், தண்ணீருக்குள் கூடவே நிற்பது. விளிம்பில் உட்கார்ந்து பார்ப்பதில் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

வாட்டர் பார்க்கில் இருக்கும் எல்லாமே ஒன்று இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கென்று காளான் குடையிலிருந்து தண்ணீர் கொட்டும் குட்டிக் குளம் இருக்கும், குட்டிச் சறுக்குகள் இருக்கும். நாளில் முக்கால்வாசியை அங்கேயே கழித்துவிடலாம், பிள்ளைகளும் அலுக்க மாட்டார்கள். அதில் கவனிக்க வேண்டியது தலைக்கு மேல் தொங்கும் பெரிய வாளி. நிரம்பியதும் கவிழும். 7 வயதுப் பிள்ளைக்கு அது குதூகலம், 4 வயதுப் பிள்ளையை அது கீழே தள்ளிவிடும். சறுக்கின் அடியிலும் அப்படித்தான். சறுக்கி வரும் பிள்ளை கால் ஊன்றி எழுவதற்குள் அடுத்த பிள்ளை வந்து மோதும். நான் எப்போதும் சறுக்கின் முடிவில் நிற்பேன், மேலே ஏற்றிவிடுவது என் கணவர் வேலை.

அலைக்குளம் வேறு கதை. கடற்கரை மாதிரி சரிவாக இறங்கும், ஓரத்தில் கணுக்கால் அளவு. சைரன் ஊதியதும் உள்ளேயிருந்து கூட்டம் கத்தும், அலை வரும். பெரியவர்களுக்கு இடுப்புக்கு வரும் அலை 4 வயதுப் பிள்ளையின் தலையைத் தாண்டும். அலை திரும்பும்போது காலடியை இழுத்துக்கொண்டு போகும். டியூப்களும் பெரியவர்களின் முழங்கைகளும் வேறு. சைரன் ஊதும்போது சின்னவனை வெளியே தூக்கிவிடுவது என்று எங்கள் வீட்டில் முடிவு செய்துவிட்டோம். மகள் ஓரத்தில், என் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். சுற்றி ஓடும் லேசி ரிவரில் பிள்ளையைத் தனி டியூபில் விடாதீர்கள், நடு ஓட்டை வழியாக நழுவிவிடும். பெரிய சறுக்குகளுக்கு உயரக் கணக்கு இருக்கும். அளவுகோலில் ஒரு விரற்கடை குறைந்தால் கெஞ்ச வேண்டாம். அந்தக் கோடு சும்மா போட்டதில்லை.

காற்று ஊதிக் கையில் மாட்டும் பட்டைகளை வெளியே கடைகளில் விற்பார்கள். வாங்காதீர்கள். நழுவும், காற்று இறங்கும், அதைவிட முக்கியமாக, "இனி விழாது" என்ற நினைப்பை நமக்கும் பிள்ளைக்கும் கொடுத்துவிடும். லைஃப் ஜாக்கெட் கிடைத்தால் போடுங்கள், அளவு பார்த்து. போட்டபின் தோள்பட்டையில் இரண்டு பக்கமும் பிடித்து மேலே தூக்குங்கள். பிள்ளையின் தாடையும் காதும் ஜாக்கெட்டுக்குள் போனால் அது பெரிது, வேறு கேளுங்கள். போட்டுவிட்டாலும் கை எட்டும் தூரத்திலிருந்து நகர வேண்டாம்.

உடை விஷயத்தில் ஒன்று. பருத்தி உடையோடு உள்ளே விட மாட்டார்கள், நைலான் அல்லது லைக்ரா வேண்டும், வாடகைக்கும் கிடைக்கும். வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போவது நல்லது. நிறத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். நீலம், வெள்ளை, சாம்பல் வேண்டாம். பளிச்சென்ற ஆரஞ்சு, கண்ணைப் பறிக்கும் பச்சை, ரோஸ் நிறங்களில் எடுங்கள். அந்த நீல பனியனை நான் திரும்பப் பையனுக்குப் போடவே இல்லை.

எத்தனை கைகள் என்ற கேள்விக்கு வருகிறேன். 6 வயதுக்குக் கீழே இருக்கும் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். அவர் போனில் பேசக்கூடாது, ரீல்ஸ் எடுக்கக்கூடாது, போன் லாக்கரிலேயே இருக்கட்டும். மூன்றாவதாக ஒருவர் இருந்தால்தான் யாராவது சாப்பிடவோ, பாத்ரூம் போகவோ, ஆசையாகப் பெரிய சறுக்கில் ஏறவோ முடியும். ஆள் மாறும்போது வாயால் சொல்லிவிட்டு மாறுகிறோம். "என்னங்க, இப்போ நீங்க பாத்துக்கோங்க." "சரி, நான் பாத்துக்கறேன்." இந்தப் பதில் காதில் விழாமல் நான் நகர்வதில்லை. மாமியார் கூட வந்தால் சந்தோஷம், ஆனால் முழங்கால் வலியோடு நிழலில் உட்கார்ந்திருப்பவரை ஒரு கையாகக் கணக்கில் சேர்க்க மாட்டேன். பைகளையும் சாப்பாட்டையும் அவர் பார்த்துக்கொள்வார், அதுவே பெரிய உதவி.

நாள் எது என்பதும் முக்கியம். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். கூட்டத்தில் பிள்ளை இரண்டடி தள்ளிப் போனாலே தெரியாது. மே மாதத்தில் ஊட்டியில் மலர்க் கண்காட்சி, நம் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி என்று சாலை நிரம்பிவிடும். சீசனில் ஒருவழிப் பாதை அறிவித்தால் கோத்தகிரியைச் சுற்றி இறங்கிப் பர்லியார் வழியாக ஏற வேண்டியிருக்கும். ஆகவே பரீட்சை முடிந்த கையோடு ஏப்ரல் கடைசியில் ஒரு செவ்வாயோ புதனோ நல்லது.

மலைப் பிள்ளைகளுக்கென்று தனியாக இன்னும் சில உண்டு. குன்னூர் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் 300 சொச்சத்தில். ஒன்றரை மணி நேரத்தில் ஸ்வெட்டர் ஊரிலிருந்து கொளுத்தும் வெயிலுக்குப் போகிறோம். பிள்ளைகளுக்குத் தாகம் தெரியாது, தண்ணீரில் இருப்பதால் வியர்ப்பதும் தெரியாது. அரை மணிக்கு ஒருமுறை வெளியே எடுத்து மோரோ தண்ணீரோ கொடுங்கள். வெயிலாக இருந்தாலும் சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துபோகும். உதடு நீலம் பாய்ந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளை என்றால் காலையில் இட்லி இரண்டோடு நிறுத்துங்கள். மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டால் தலையைத் துவட்டி, உலர்ந்த துணி மாற்றி, ஸ்வெட்டர் போட்டு இருட்டுவதற்குள் வீடு சேரலாம். கல்லார், பர்லியார் பக்கம் அந்தி நேரத்தில் யானை சாலைக்கு வருவது நமக்குத் தெரிந்ததுதான்.

பிள்ளை தண்ணீரில் முங்கி மூச்சுத் திணறி எழுந்திருந்தால் உடனே மலை ஏறக் கூடாது. அடுத்த சில மணி நேரத்தில் இருமல் நிற்காமல் இருந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் துவண்டு தூங்கினாலோ டாக்டர் பார்க்க வேண்டும். மேட்டுப்பாளையத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஏழாவது வளைவில் வண்டி வரிசையில் நிற்கும்போது அங்கிருந்து எங்கே போவது? கீழேயே காட்டிவிட்டு ஏறுங்கள். பிள்ளை மூச்சு விடாமல் கிடந்தால் 108-ஐ ஒருவர் அழைக்கட்டும், இன்னொருவர் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதத் தொடங்கட்டும். தலைகீழாகத் தூக்கி உலுக்குவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் நேரத்தை வீணாக்கும்.

இரண்டு பிள்ளைகளுக்கு நான் ஒருத்திதான் என்றால் என் தேர்வு படகு. ஊட்டி ஏரியை ஜான் சல்லிவன் 1824-ல் உருவாக்கினார். இப்போது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம் அங்கே இருக்கிறது. மிதிபடகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு என்று கிடைக்கும். தனியாகப் பிள்ளைகளோடு போகும்போது மோட்டார் படகில் ஏறுங்கள், ஓட்டுபவர் ஒருவர் இருப்பார், நம் இரண்டு கைகளும் பிள்ளைகளுக்கு. மிதிபடகில் பெடலை மிதித்துக்கொண்டு, எழுந்து நிற்கிற பையனைப் பிடிப்பது நடக்காது. ஜாக்கெட்டின் எல்லாக் கொக்கியையும் கரையிலேயே மாட்டுங்கள். கூடலூர்ச் சாலையில் இருக்கும் பைக்காரா ஊட்டியைவிட அமைதி, சோலையும் தண்ணீரும் பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் ஸ்பீட் போட்டில் சின்னவன் பயப்படுவான். கோவையிலிருந்து உறவினர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மேலே வரச் சொன்னால் இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். 2024 மே 7 முதல் அது இல்லாமல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர முடியாது.

படகில் குறை என்னவென்றால் பிள்ளைகள் நனைவதில்லை. தண்ணீரில் ஆடியே தீருவேன் என்று நிற்கும் பிள்ளைக்கு அது பதில் இல்லை. ஊட்டிக்கு ரயிலில் கூட்டிப்போவதையும் சேர்த்துக்கொண்டால் எங்கள் வீட்டில் சமாதானம் ஆகிவிடும்.

அப்புறம் அந்த டப். அதை நான் கடைசித் தேர்வாக நினைக்கவில்லை. மதியம் பன்னிரண்டு மணி வெயிலில் வாசலில் பெரிய டப்பை வைத்து, வெந்நீர் கலந்து, இடுப்பளவுக்கு நிரப்புகிறேன். முகத்தைத் தண்ணீரில் வைத்து 'புர்ர்' என்று ஊதச் சொல்கிறேன். வாயை மூடி மூக்கால் ஊதினால் தண்ணீர் மூக்கில் ஏறாது என்பதை மகள் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். பையன் கண்ணை இறுக மூடிக்கொண்டு நெற்றியை மட்டும் நனைப்பான். பதினைந்து நாள் கழித்துக் கண்ணைத் திறந்துகொண்டே ஊதினான். இது நீச்சல் இல்லை. ஆனால் தண்ணீர் முகத்தில் அடித்ததும் திகைத்து வாயைத் திறக்கிற பழக்கம் போகிறது. டப்பை விட்டு நகரும்போது தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் நகர வேண்டும், போன் அடித்தாலும் சரி, குக்கர் விசில் அடித்தாலும் சரி. நான்கு விரற்கடைத் தண்ணீர் போதும் ஒரு சின்னப் பிள்ளை மூழ்குவதற்கு.

முறையாக நீச்சல் கற்றுக்கொடுக்க மகளை அடுத்த கோடையில் ஒரு மாதம் கோவையில் என் அக்கா வீட்டில் விட்டு வகுப்புக்கு அனுப்புவதாக இருக்கிறோம். "பெரியம்மா வீட்டுக்கு அனுப்பு, நான் ரெடி" என்கிறாள் அவள். பையனுக்கு இன்னும் ஒரு வருடம் போகட்டும்.

இந்த வருடத்துக்கு எங்கள் முடிவு இன்னும் பாதிதான் ஆகியிருக்கிறது. ஏப்ரல் கடைசிப் புதன்கிழமைக்குக் கொழுந்தனார் லீவு கேட்டிருக்கிறார். கிடைத்தால் நாங்கள் மூன்று பேர், பிள்ளைகள் இரண்டு பேர், காலை ஏழரைக்கு மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிறோம். ஆரஞ்சு நிறத்தில் இரண்டு நீச்சல் உடை வாங்கி வைத்தாகிவிட்டது. லீவு கிடைக்காவிட்டால் ரயிலில் ஊட்டி, மோட்டார் படகு, திரும்பி வரும் வழியில் சூடாக மிளகாய் பஜ்ஜி. பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லிவிட்டேன். தினமும் சாயங்காலம் பையன் போனை எடுத்து நீட்டுகிறான், "சித்தப்பாவுக்கு லீவு குடுத்துட்டாங்களா கேளும்மா" என்று.